மூன்று கம்பெனி, ஒரு மதிப்பெண் தாள்: மணலி ஆலை ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மணலியில் நான் வேலை பார்க்கும் ரசாயன ஆலையில் பழைய பிஎல்சிகளை (இயந்திரங்களை இயக்கிக் கட்டுப்படுத்தும் தொழிற்சாலைக் கம்ப்யூட்டர்களை) மாற்றுவது என்று முடிவானபோது, பர்ச்சேஸ் பிரிவிலிருந்து ஒரு பக்கத் தாள் வந்தது. விலை கேட்டிருந்த மூன்று ஆட்டோமேஷன் கம்பெனிகளின் பெயர், ஒவ்வொன்றுக்கும் எதிரே சைபர் பாதுகாப்பு மதிப்பெண், பக்கத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு. தலைமை அலுவலகம் ஏதோ ஒரு ரேட்டிங் சேவைக்குச் சந்தா கட்டி எடுத்திருந்தது. பச்சைக்கு ஆர்டர் கொடுத்துவிடலாம், இன்ஸ்ட்ருமென்ட் பிரிவின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி என்றார்கள். நாங்கள் போடவில்லை. ஏன் போடவில்லை, பிறகு அந்த மூவரையும் எதை வைத்து ஒப்பிட்டோம், கடைசியில் ஆர்டர் யாருக்குப் போனது என்பதுதான் இங்கே எழுதப்போவது. ஆலையின் பெயரும் அந்த மூவரின் பெயரும் வராது. அ, ஆ, இ என்று வைத்துக்கொள்ளுங்கள். அ பச்சை, ஆ மஞ்சள், இ சிவப்பு. ஊரறிந்த சம்பவங்களைச் சொல்லும்போது மட்டும் நிஜக் கம்பெனிப் பெயர்கள் வரும், அவற்றை இந்த மூவரோடு முடிச்சுப் போட வேண்டாம்.

எங்களிடம் என்ன இருந்தது

பெரிய ஆலை இல்லை. ரியாக்டர் பகுதிக்கு இரண்டு பிஎல்சி, பாய்லர், கூலிங் டவர், தண்ணீர் இவற்றுக்கு ஒன்று. கொடுங்கையூரில் கழிவுநீரைச் சுத்திகரித்து இந்தப் பக்கத்து ஆலைகளுக்குக் குழாயில் அனுப்புகிறார்களே, அந்தத் தண்ணீர்தான் எங்களுக்கும் வருகிறது. கன்ட்ரோல் ரூமில் விண்டோஸ் 7 ஓடும் இரண்டு கம்ப்யூட்டர்கள். மைக்ரோசாஃப்ட் அதற்கான பாதுகாப்பு அப்டேட்டுகளை 2020 ஜனவரியோடு பொதுவாக நிறுத்திவிட்டது. ஆலையைத் திரையில் கண்காணிக்க அந்தக் கம்ப்யூட்டர்களில் ஓடும் ஸ்காடா மென்பொருளோ புதிய விண்டோஸில் ஏறாது. பிஎல்சியைச் செய்த கம்பெனியும் அந்த மாடலுக்கு உதிரி பாகம் தருவதை நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டது. மாற்றத்துக்கு உண்மையான காரணம் இதுதான், சைபர் பாதுகாப்பு அப்புறமாக வந்து சேர்ந்துகொண்டது.

பிஎல்சி இருக்கும் பேனலுக்குள் இன்னொரு சாமானும் இருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது மணலி புதுநகர், சடையங்குப்பம் எல்லாம் தண்ணீரில் நின்றது, எண்ணூர் கழிமுகம் பூராவும் எண்ணெய் படர்ந்து கிடந்தது நினைவிருக்கும். ஆலையைத் திரும்ப ஓட்ட வேண்டும், ப்ரோகிராமில் ஒரு சின்ன மாற்றம் தேவை, செய்ய வேண்டிய ஆள் நகரத்துக்கு அந்தப் பக்கம். வர வழியில்லை. அதனால் ஒரு 4ஜி ரவுட்டரை டின் ரெயிலில் (பேனலில் கருவிகளை மாட்டும் உலோகப் பட்டை) மாட்டி, சிம் போட்டு, அவர் வீட்டிலிருந்தே உள்ளே வந்து வேலையை முடித்துக் கொடுத்தார். நல்ல காரியம்தான். தண்ணீர் வடிந்தது, ரவுட்டர் மட்டும் அங்கேயே இருந்தது. சிம்முக்கு மாதாமாதம் யாரோ ரீசார்ஜும் செய்துகொண்டிருந்தார்கள். யார் என்று கண்டுபிடிக்கவே கொஞ்சம் அலைய வேண்டியிருந்தது. ப்ரோகிராம் எழுதிக் கொடுத்த இன்டக்ரேட்டரின் (கம்பெனிப் பொருளை ஆலையில் அமைத்துத் தருபவர்) அலுவலகக் கணக்கில் போயிருக்கிறது.

அந்த மதிப்பெண் எதை அளக்கிறது

பிட்சைட், செக்யூரிட்டிஸ்கோர்கார்ட், அப்கார்ட் மாதிரியான சேவைகள் ஒரு கம்பெனியை வெளியிலிருந்து பார்க்கின்றன. அதன் இணையதளச் சான்றிதழ் ஒழுங்காக இருக்கிறதா, அதன் பெயரில் உள்ள ஐபி முகவரிகளில் தேவையில்லாத போர்ட் திறந்திருக்கிறதா, மெயிலில் போலி அனுப்புநரைத் தடுக்கும் டிமார்க் அமைப்பு இருக்கிறதா, ஊழியர்களின் பாஸ்வேர்டுகள் எங்காவது கசிந்திருக்கிறதா, இப்படி. கேட்டைத் தாண்டி உள்ளே போக அவர்களுக்கு அனுமதி இல்லை, அதை அவர்கள் மறைக்கவும் இல்லை. ஆனால் தாளில் வண்ணம் பூசி வந்ததும் யாரும் அதை யோசிப்பதில்லை. எங்கள் பேனலில் உட்காரப்போகும் கார்டைப் பற்றி அந்த எண்ணில் ஒரு வரிகூடக் கிடையாது.

இதில் இன்னொரு கோணல் உண்டு. நூறு நாட்டில் கிளை, வாங்கிப் போட்ட துணை நிறுவனங்கள், மறந்துபோன பழைய இணையதளங்கள் என்று பரந்து கிடக்கும் கம்பெனிக்கு வெளியே தெரியும் ஓட்டைகளும் அதிகம்தான். ஒரே ஒரு இணையதளத்தை நல்ல ஹோஸ்டிங்கில் வைத்திருக்கும் சின்னக் கம்பெனிக்கு மார்க் அள்ளிக்கொண்டு வரும். எங்கள் அ அப்படிப்பட்டதுதான்.

அதற்காக அந்த மதிப்பெண்ணைக் குப்பையில் போடவும் சொல்ல மாட்டேன். ஆட்டோமேஷன் கம்பெனியின் சொந்த வீடு உடைந்தால் நம் பொருளும் சேர்ந்து போகும். 2023 மே மாதம் ஏபிபி நிறுவனத்தை பிளாக் பாஸ்தா ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் மென்பொருள்) தாக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜான்சன் கன்ட்ரோல்ஸ். 2024 ஜனவரியில் ஷ்னைடர் எலக்ட்ரிக்கின் சஸ்டெய்னபிலிட்டி பிரிவு, காக்டஸ் கும்பலிடம். நம் பைப்பிங் வரைபடம், ஐபி பட்டியல், ப்ரோகிராம் காப்பி எல்லாம் கம்பெனிக்காரர்களின் சர்வரில்தான் கிடக்கிறது. அதனால் அந்த எண்ணுக்கு ஒரு இடம் கொடுத்தோம். கடைசி இடம்.

பர்ச்சேஸ் மேனேஜர் கேட்டது நியாயமான கேள்வி. "சார், ஆடிட்ல கேட்டா நான் இந்தத் தாளக் காட்டுவேன். உங்க தாள் எங்க சார்?" எங்களிடம் தாள் இல்லை. சரி, தயார் பண்ணுகிறோம் என்று நேரம் வாங்கிக்கொண்டோம்.

ஓட்டைகளை எண்ணுவது

ஐடி பிரிவுத் தம்பி ஒருவர் அடுத்த யோசனையோடு வந்தார். ஒவ்வொரு கம்பெனியின் பெயரிலும் எத்தனை சிவிஇ எண் (வெளியான பாதுகாப்பு ஓட்டை ஒவ்வொன்றுக்கும் தரும் பதிவு எண்) பதிவாகியிருக்கிறது என்று பார்ப்போம், குறைவாக இருப்பவர் நல்லவர். கேட்க சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் சீமென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வந்தால் தங்கள் பொருள்களில் உள்ள ஓட்டைகளைத் தாங்களே கட்டுக்கட்டாக வெளியிடுகிறார்கள். அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சிசா 2023 ஜனவரியில், சீமென்ஸ் பொருள்கள் பற்றிய அறிவிப்பை முதல்முறை மட்டும் போடுவோம், அதற்குமேல் புதுத் தகவல் வேண்டுமானால் அவர்கள் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டது. எண்ணிக்கை வைத்துப் பார்த்தால் சீமென்ஸ் படு மோசம் என்று வரும். சீமென்ஸ், ஷ்னைடர், ராக்வெல், ஏபிபி எல்லாம் தாங்களே சிவிஇ எண் வழங்கும் அதிகாரம் பெற்றவர்கள். தங்கள் குற்றப்பத்திரிகையைத் தாங்களே எழுதுகிறவர்கள். பூஜ்யம் வைத்திருப்பவர் யார் என்று பார்த்தால், யாரும் இதுவரை பிரித்துப் பார்க்காத பெட்டியாக இருக்கும், இல்லாவிட்டால் சொன்னவரை உட்கார வைத்து அமுக்கிய கம்பெனியாக இருக்கும்.

எங்கள் மூவரில் அ பூஜ்யம். அவர்கள் இணையதளத்தில் பாதுகாப்புக் குறைபாட்டைத் தெரிவிக்க ஒரு மெயில் முகவரிகூட இல்லை, விற்பனைக்கு மட்டும் ஐந்தாறு நம்பர். இந்த இடத்திலேயே பச்சைக்கு எங்கள் மனதில் நிறம் மாறிவிட்டது.

சான்றிதழ்

ஆட்டோமேஷன் உலகில் எல்லோரும் சொல்லும் தரநிலை ஐஇசி 62443. விற்பனைக்கு வருகிறவர் "சார், நாங்க 62443 சர்டிஃபைடு" என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார். எந்தப் பகுதி என்று கேட்க வேண்டும். 4-1 என்றால், பொருளை உருவாக்கும் முறை ஒழுங்காக இருக்கிறது என்று பொருள், அதுவும் சான்றிதழில் குறிப்பிட்ட அலுவலகத்தில். 4-2 என்றால் அந்தக் குறிப்பிட்ட கருவியிலேயே என்னென்ன பாதுகாப்பு வசதி இருக்கிறது என்பது. 2-4 என்றால் அதை நிறுவி, பராமரிக்கும் ஆட்களுக்கானது. 4-2விலும் நிலைகள் உண்டு. நிலை 1 தெரியாத்தனமாகக் கை பட்டால் தாங்கும், நிலை 2 சுமாரான திறமையோடு வேண்டுமென்றே வருகிறவனைத் தாங்கும், அப்படியே 4 வரை போகிறது. 4-1 சான்றிதழைக் காட்டி 4-2 மாதிரி பேசுவது இந்தத் தொழிலில் சர்வ சாதாரணம்.

சான்றிதழ் இருந்தாலும் முழுசாக நிம்மதி இல்லை என்பதற்கு 2022 ஜூனில் ஃபோர்ஸ்கவுட் என்ற சைபர் பாதுகாப்பு நிறுவனம் வெளியிட்ட ஓடி:ஐஸ்ஃபால் ஆய்வே போதும். பத்து கம்பெனிகளின் பொருள்களில் 56 குறைபாடுகள். ஹனிவெல், எமர்சன், ஓம்ரான், யோகோகாவா, மோட்டோரோலா, சீமென்ஸ் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. இவற்றில் பல, ப்ரோகிராமர் அசந்த நேரத்தில் புகுந்த பிழைகள் இல்லை. யார் கட்டளை அனுப்பினாலும் கேட்டுக்கொள் என்று முதலிலிருந்தே அப்படி வடிவமைத்தது. பாதிக்கப்பட்ட பொருள் வரிசைகளில் 74 சதவீதத்துக்கு ஏதாவது ஒரு பாதுகாப்புச் சான்றிதழ் ஏற்கெனவே இருந்தது!

அதனால் சான்றிதழின் முழுப் பக்கத்தையும் அனுப்பச் சொன்னோம், பார்ட் நம்பர், ஃபர்ம்வேர் (கருவிக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) பதிப்பு உட்பட. ஆ அனுப்பியதை விலைப்புள்ளியோடு வரி வரியாக ஒத்துப் பார்த்ததில், சிபியு (பிஎல்சியின் மூளை) சரி, அதன் பக்கத்தில் செருகப்போகும் ஈதர்நெட் கார்டின் எண் சான்றிதழில் இல்லை. வெளியுலகத்தோடு பேசப்போவதே அந்தக் கார்டுதான். கேட்டதும் முதலில் மழுப்பினார்கள், பிறகு, விலை குறைக்க பழைய கார்டைப் போட்டுவிட்டோம் என்று ஒப்புக்கொண்டு, சான்றிதழில் உள்ள கார்டுக்கு மாற்றிப் புது விலை கொடுத்தார்கள். கொஞ்சம் கூடுதல்தான்.

ஓட்டை தெரிந்த பிறகு என்ன செய்கிறார்கள்

என்னைக் கேட்டால் ஒப்பீட்டில் கனமான இடம் இதுதான், இதற்குத்தான் எந்த ரேட்டிங்கிலும் கட்டம் இல்லை.

ராக்வெல்லின் லாஜிக்ஸ் கன்ட்ரோலர்களில் (அவையும் பிஎல்சிதான்) 2021 பிப்ரவரியில் ஒரு ஓட்டை வெளியானது. ப்ரோகிராம் எழுதும் ஸ்டுடியோ 5000 மென்பொருளும் கன்ட்ரோலரும் ஒன்றையொன்று அடையாளம் காணப் பயன்படுத்தும் ரகசியச் சாவியைத் தோண்டி எடுத்துவிட முடியும், எடுத்தவன் இன்ஜினியர் மாதிரி உள்ளே நுழைந்து ப்ரோகிராமையே மாற்றலாம். கடுமை 10க்கு 10. ஒரு பேட்ச் போட்டுச் சரிசெய்கிற சமாச்சாரம் இல்லை அது. நெட்வொர்க்கைப் பிரித்து வை, முடிந்தால் சிஐபி செக்யூரிட்டி என்ற பாதுகாப்பான தொடர்பு முறையைப் பயன்படுத்து, கன்ட்ரோலரின் முகப்பில் இருக்கும் சாவியை ரன் நிலைக்குத் திருப்பி வை என்றுதான் வழி சொன்னார்கள். சீமென்ஸுக்கு 2022 அக்டோபரில் இதே வகைச் சோதனை. எஸ்7-1200, 1500 வரிசைகளில் எல்லாக் கருவிக்கும் பொதுவாக ஒரே ரகசியச் சாவி, அது வெளியே எடுக்கப்பட்டது. அவர்கள் பதிலில், இந்த முறையைக் கொண்டுவந்த 2013 வாக்கில் கருவிக்கு ஒரு சாவி என்று நிர்வகிக்க நடைமுறையில் வழி இல்லை என்று காரணம் சொல்லி, தங்கள் டிஐஏ போர்ட்டல் மென்பொருளின் 17ஆம் பதிப்பிலிருந்து கருவிக்குக் கருவி தனித்தனி என்று மாற்றியதையும் எழுதியிருந்தார்கள். இரண்டிலும் தவறு பெரிதுதான். ஆனால் படித்துவிட்டு ஆலையில் நிற்கிறவன் நாளைக் காலையில் என்ன செய்ய வேண்டும் என்று தெரிகிறது.

எங்களைப் போன்ற ஆலைக்கு இது ஏன் முக்கியம் என்றால், ஃபர்ம்வேர் மாற்ற ஆலையை நிறுத்த வேண்டும். நிறுத்துவது வருடாந்தர ஷட்டவுனில்தான். தீபாவளிக்கு முன்னால் வந்த பேட்ச் அடுத்த கோடையில்தான் ஏறும். நடுவில் இருக்கும் மாதங்களை ஓட்ட, ஆலை ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யக்கூடிய மாற்று வழியைத் தெளிவாக எழுதித் தருகிற கம்பெனிதான் உதவும்.

ராக்வெல் சொன்ன அந்த முகப்புச் சாவி விஷயம் தெரிந்தபின் எங்கள் பழைய பேனலைப் போய்த் திறந்தேன். கதவில் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து வெடித்திருந்தது. உள்ளே பிஎல்சி முகப்பில் மூன்று நிலைச் சாவி: ரன், ப்ரோகிராம், நடுவில் ரிமோட். சாவி ரிமோட்டில் நின்றது. நின்றது மட்டுமில்லை, யாரும் திருப்பிவிடக் கூடாது என்று சாவியின் தலையில் கேபிள் டை போட்டு வயர் கட்டோடு இறுக்கியிருந்தார்கள், அந்த டை வெயிலும் சூடும் பட்டு மஞ்சளாகிவிட்டது. எர்ணாவூரிலிருந்து வரும் ஷிஃப்ட் ஆபரேட்டர் பக்கத்தில் நின்றார். "அத்தத் தொடாதீங்க சார். கமிஷனிங் பண்ண தம்பி சொல்லிட்டுப் போச்சு, திருப்புனா ஆன்லைன் வராதாம்." தம்பி சொன்னது சரிதான். ரன்னில் வைத்தால் தூரத்திலிருந்து ப்ரோகிராமை மாற்ற முடியாது. அதற்குத்தான் அந்தச் சாவியே.

2017இல் சவூதி அரேபியாவில் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையில் ட்ரைட்டன் தாக்குதல் நடந்ததே, ஷ்னைடரின் ட்ரைகானெக்ஸ் பாதுகாப்புக் கன்ட்ரோலரின் மேல். ஆலை வெடிக்காமல் காக்க வேண்டிய கருவி அது. அங்கேயும் சாவி ப்ரோகிராம் நிலையில் விடப்பட்டிருந்தது, தாக்க வந்தவர்களுக்கு அந்த வழி திறந்துகிடந்தது. அவர்கள் வேலையிலேயே ஏதோ பிசகியதால் கன்ட்ரோலர்கள் தாமாகவே ஆலையை நிறுத்திவிட்டன, அதனால்தான் விஷயம் வெளியே வந்தது. ஷ்னைடர் பிறகு 2018 ஜனவரியில் துறை மாநாட்டு மேடையிலேயே, தங்கள் ஃபர்ம்வேரில் இருந்த ஓட்டையையும் சேர்த்து, நடந்ததை விளக்கியது. வாடிக்கையாளர் மேல் பழியைப் போட்டுவிட்டு நகர்ந்திருக்கலாம். போகவில்லை.

மூன்று கம்பெனிகளுக்கும் ஒரே கடிதம் அனுப்பினோம். நீங்கள் தர இருக்கும் மாடலில் இன்றுவரை தீர்க்கப்படாத குறைபாடுகள் எவை, அவற்றுக்கு ஆலை ஓடும்போதே செய்யக்கூடியது என்ன, எந்த ஆண்டு வரை பாதுகாப்பு அப்டேட் தருவீர்கள், சம்பவம் நடந்தால் எத்தனை மணி நேரத்தில் ஆள் பேசுவார். கடைசிக் கேள்விக்குக் காரணம் உண்டு. மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் போட்ட உத்தரவின்படி, சைபர் சம்பவம் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும், லாக்குகளை (கம்ப்யூட்டர்களின் செயல்பாட்டுப் பதிவுகளை) 180 நாள் வைத்திருக்க வேண்டும். கம்பெனியின் ஒப்பந்தத்தில் "அடுத்த வேலை நாளில் பதில்" என்று இருந்தால், சனிக்கிழமை ராத்திரி நாம் எதைத் தெரிவிப்பது?

அ ஒரு வண்ண ப்ரோஷர் அனுப்பியது. ஆ பாதிக்குப் பதில் சொல்லி மீதிக்கு நேரம் கேட்டது, சொன்ன தேதிக்குள் தந்தது. இயிடமிருந்து வந்ததுதான் அசத்தல். விற்பனைப் பிரிவைத் தாண்டி, பொருள் பாதுகாப்பு அணியிலிருந்தே பதில்; தீர்க்கப்படாதவை இவை, இந்த ஃபர்ம்வேருக்குக் கீழே தீர்வு வரவே வராது, இந்த நெட்வொர்க் போர்ட்டை மூடினால் போதும் என்று வரிசையாக. சிவப்பு வாங்கியிருந்த கம்பெனி.

அப்புறம் ஏன் இ இல்லை

ஆர்டரை இ கம்பெனிக்குக் கொடுத்துவிடலாம் என்றே எங்கள் தாளை எழுத ஆரம்பித்தோம். அப்போதுதான் அவர்களின் உள்ளூர் இன்டக்ரேட்டரோடு உட்கார்ந்தோம். பேனல் கட்டுவது, ப்ரோகிராம் எழுதுவது, வாரன்டி பார்ப்பது எல்லாம் அவர்தான், கம்பெனி பெட்டியை அனுப்புவதோடு சரி. தமிழ்நாட்டில் பெரும்பாலான சின்ன, நடுத்தர ஆலைகளில் நிலைமை இதுதான். அவர் வைத்த நிபந்தனை: நிரந்தர ரிமோட் இணைப்பு வேண்டும், அவருடைய ரவுட்டர், அவருடைய சிம், எல்லா வாடிக்கையாளருக்கும் சேர்த்து ஒரே லாகின். இல்லாவிட்டால் வாரன்டி பொறுப்பு ஏற்க முடியாது, ஒவ்வொரு தடவையும் மணலி விரைவுச் சாலை கன்டெய்னர் லாரி வரிசையில் வண்டியை விட்டு வர ஆள் கிடையாது என்றார். அவர் கஷ்டமும் நிஜம்தான், அந்த ரோட்டில் போனவர்களுக்குத் தெரியும். ஆனாலும், பத்துப் பூட்டு போட்ட பீரோவை வாங்கிச் சாவிக்கொத்தைத் தெருமுனைக் கடையில் கொடுத்துவைக்க மனம் வரவில்லை.

2023 நவம்பரில் பென்சில்வேனியாவில் அலிக்விப்பா ஊரின் குடிநீர் அமைப்பில் யூனிட்ரானிக்ஸ் பிஎல்சி ஒன்றைக் கைப்பற்றித் திரையில் எச்சரிக்கை வாசகம் போட்டார்களே, அதற்குப் பெரிய வித்தை எதுவும் தேவைப்படவில்லை. இணையத்தில் நேராகத் தெரிந்த கருவி, கம்பெனி வைத்து அனுப்பிய 1111 என்ற பாஸ்வேர்டு. அப்படி ஒரு பாஸ்வேர்டோடு அனுப்பியது கம்பெனியின் பிழை, அதை மாற்றாமல் இணையத்தில் விட்டது நிறுவியவரின் பிழை, ஒப்பீட்டுத் தாளில் இரண்டாவதற்கு இடமே இருப்பதில்லை.

இயின் தலைமை அலுவலகத்துக்கு எழுதிப் பார்த்தோம். வேறு இன்டக்ரேட்டர் தர முடியுமா, 62443-2-4 சான்று பெற்றவர் யாராவது உண்டா என்று. இருக்கிறார், புனேயில். பழுது வந்தால் அங்கிருந்து ஆள் வர வேண்டும், ரியாக்டர் அதுவரை காத்திருக்காது.

ஆ கம்பெனியின் இன்டக்ரேட்டர் அம்பத்தூர்க்காரர். ரிமோட் இணைப்பு எங்கள் ஃபயர்வால் வழியாக, எங்கள் ஆள் சுவிட்ச் போட்டால் மட்டும், ஆளுக்குத் தனி லாகின், வேலை முடிந்ததும் அணைத்துவிடுவோம் என்றதற்குக் கொஞ்சம் முனகினார், ஒத்துக்கொண்டார். ஆர்டர் ஆவுக்குப் போனது, நான்கு நிபந்தனைகளோடு: சான்றிதழில் உள்ள கார்டுதான் வர வேண்டும், பாதுகாப்பு அப்டேட் எந்த ஆண்டு வரை என்பது ஆர்டரிலேயே எழுத்தில், ராத்திரியிலும் பேசக்கூடிய ஒரு நம்பர், கமிஷனிங் முடிந்து கையெழுத்தாகும்போது சாவி ரன் நிலையில், கழற்றி ஷிஃப்ட் இன்சார்ஜ் பெட்டியில். கடைசி நிபந்தனையைப் பார்த்து பர்ச்சேஸில் சிரித்தார்கள். இருக்கட்டும்.

பொருள் என்று மட்டும் பார்த்தால் இ கம்பெனிதான் மேல் என்று இப்போதும் சொல்வேன். ஐரோப்பாவின் சைபர் ரெசிலியன்ஸ் சட்டம் 2027 டிசம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வரும்போது, அங்கே விற்கிற கம்பெனிகள் எத்தனை ஆண்டு அப்டேட் தருவோம் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், அப்போது நாங்கள் கடிதம் எழுதிக் கெஞ்சி வாங்கிய பதில்களில் சில தானாகவே பெட்டியோடு வரும். அடுத்த வரிசைக்கு ஆர்டர் போடும்போது இந்த ஒப்பீட்டை மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டியிருக்கும்.

எங்கள் தாளும் ஒரே பக்கம்தான், வண்ணம் இல்லை. மேலே இன்டக்ரேட்டர், அடுத்து குறைபாட்டுக்குப் பதில் சொல்லும் விதம், அதற்கடுத்து கார்டு வரைக்கும் ஒத்துப் பார்த்த சான்றிதழ், அடியில் அந்த வெளி மதிப்பெண். சிவிஇ எண்ணிக்கைக்குக் கட்டமே போடவில்லை. தலைமை அலுவலகம் அதை வாங்கிக்கொண்டு பழைய தாளையும் சேர்த்தே ஃபைலில் வைத்திருக்கிறது, ஆடிட்டருக்கு எது பிடிக்குமோ தெரியாது என்றார்கள். 4ஜி ரவுட்டர் கழற்றப்பட்டு ஸ்டோரில் இருக்கிறது.

பாக்கி நிற்பது கம்ப்ரசர். அது ஸ்கிட்டோடு (எல்லாம் பொருத்திய ஒரே சட்டம்) சேர்த்து வந்தது, உள்ளே அதற்கென்று ஒரு குட்டி பிஎல்சி, எந்தக் கம்பெனியுடையது என்று வெளியே எழுதியில்லை, வாரன்டி சீல் இருக்கிறது. வாங்கும்போது அதைக் கம்ப்ரசராகத்தான் வாங்கினோம், அதனால் அந்த பிஎல்சியின் கம்பெனி எந்தப் பட்டியலிலும் இல்லை, எங்களுடையதிலும் சரி, தலைமை அலுவலகத்தினுடையதிலும் சரி. ஈதர்நெட் கேபிள் மட்டும் எங்கள் சுவிட்சுக்குத்தான் வருகிறது. அடுத்த ஷட்டவுனில் சீலைப் பிரிக்க கம்ப்ரசர்காரரிடம் அனுமதி கேட்டிருக்கிறோம், அதுவரை கேபிளைக் கழற்றிவிட்டு அளவுகளை ஆபரேட்டர் நேரில் போய்க் குறித்துக்கொண்டு வருகிறார்.